டொராண்டோவிலிருந்து அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. போன் செய்யாமல் எழுதுகிறேனே என்று நினைக்காதே. போன் எடுத்தால் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய். அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து "எனக்கு ஒண்ணுமில்லம்மா" என்று பேச்சை முடித்துவிடுவார். இதை நீயும் அத்தானும் முதலில் படியுங்கள்.

ராத்திரி அப்பாவுக்குப் பனியன் நனைகிற அளவுக்கு வியர்க்கிறது, எழுந்து உட்கார்ந்து சம்பந்தமில்லாமல் பேசுகிறார், காலையில் தலைவலி என்கிறார் என்று எழுதியிருக்கிறாய். டாக்டர் "வயசானா தூக்கம் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டாராம். அப்பா இனி இன்சுலினே வேண்டாம் என்கிறாராம். அக்கா, அவராக ஊசியை நிறுத்த விடாதே. ஆனால் அவர் படுகிற தொல்லை நிஜம் என்று நம்பு. எனக்கும் இதேதான் நடந்தது, இன்சுலினால் ராத்திரியில் சர்க்கரை ரொம்ப இறங்கிவிட்டது. அம்மா பயந்துவிடுவாள் என்று அப்போது எழுதவில்லை.

முதியோர் இல்லத்தில் எனக்கு மாலை ஷிஃப்ட். வீடு வந்து சேர நடுராத்திரி ஆகும். அந்த நேரத்தில் தனியாக உட்கார்ந்து என்னத்தைச் சாப்பிடுவது, ஏதோ கொஞ்சம் சாப்பிட்டு ஊசி போட்டுக்கொண்டு படுப்பேன். நான் போட்டது என்பிஹெச் என்கிற, மெதுவாக வேலை செய்யும் இன்சுலின். போட்ட நாலு மணி நேரத்துக்குப் பிறகுதான் அதன் வேகம் உச்சத்துக்குப் போகும். விடியற்காலையில் நெஞ்சு படபடக்க, தொப்பலாக நனைந்து முழித்துக்கொள்வேன். பிரிட்ஜைப் பிடித்துக்கொண்டே ஜூஸ் குடிப்பேன். இங்கே டாக்டரைப் பார்க்கப் பணம் கட்ட வேண்டியதில்லை, ஆனால் பத்து நிமிஷம்தான். ஒரு தடவைக்கு ஒரு பிரச்சினை மட்டும் என்று சுவரிலேயே ஒட்டியிருக்கிறார்கள். புது நாடு, தனிமை, மனப் பதற்றம் என்று சொல்லி மாத்திரை எழுதினார். ஜூஸ் குடித்ததால் காலைச் சர்க்கரை ஏறியிருந்தது. அதை மட்டும் பார்த்து இன்சுலினைக் கூட்டினார். கூட்டியதும் ராத்திரிகள் இன்னும் மோசமாகிவிட்டன.

இதிலிருந்து என்னை மீட்டது மேல்வீட்டுப் பாட்டிதான். பனி பெய்தால் இருட்டோடு எழுந்து, நைட்டிக்கு மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலைச் சுத்தம் செய்வாளே, அவளேதான். கோட்டின் எல்லாப் பைகளிலும் குளுக்கோஸ் மாத்திரை வைத்திருப்பாள். சின்னப் பிள்ளையிலிருந்தே இன்சுலின் போடுகிறவள். கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்க வைத்து, ஊசியைக் கல்லில் தீட்டிப் போட்ட காலத்தைப் பார்த்தவள். அப்போதெல்லாம் மாடு, பன்றியின் கணையத்திலிருந்து எடுத்த இன்சுலின்தான். 1982-இல் பாக்டீரியாவைக் கொண்டு செய்த மனித இன்சுலின் வந்தது. அதற்கு மாற்றிய பிறகு அவளுக்குச் சர்க்கரை இறங்குவதை எச்சரிக்கும் நடுக்கம், படபடப்பு எதுவும் வராமலே திடீரென்று சுயநினைவு போய்விடுமாம். பல நாடுகளில் பலர் அப்படிச் சொன்னார்கள். ஆராய்ச்சிகளில் பெரும்பாலும் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. வருஷக்கணக்காகச் சர்க்கரை இருந்தாலே அந்த எச்சரிக்கை மங்கிப்போகும் என்பதை அவளும் இப்போது ஒத்துக்கொள்கிறாள். "காரணம் எதுவாகவும் இருக்கட்டும், விழுந்தது நான். அதைக்கூட என் கற்பனை என்றார்களே" என்பாள். அந்த வருத்தம் அவளுக்கு இன்னும் போகவில்லை. அது நியாயம் என்றே எனக்கும் படுகிறது.

அவள்தான் ஒரு நோட்டைக் கொடுத்து, அலாரம் வைத்து எழுந்து சோதித்துப் பார் என்றாள். மூன்று மணிக்கு 2.9 இருந்தது. இங்கே கணக்கு வேறு, 18-ஆல் பெருக்கினால் நம் ஊர்க் கணக்கு வரும். கிட்டத்தட்ட 52. நோட்டில் சாப்பிட்டது, ஊசி போட்ட நேரம், அளவு, ராத்திரிச் சர்க்கரை எல்லாவற்றையும் எழுதி ஒரே தாளாக எடுத்துக்கொண்டு போனேன். உட்காரும் முன்பே "ராத்திரி மூன்று மணிக்கு எனக்கு 2.9" என்றேன். டாக்டர் கம்ப்யூட்டரை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அன்றைக்கே டோஸைக் குறைத்தார், சர்க்கரைக்கென்றே பயிற்சி பெற்ற ஒரு நர்ஸிடமும் அனுப்பினார்.

அந்த நர்ஸ் என்னைப் படுக்கவைத்து வயிற்றைத் தடவிப் பார்த்தாள். அதுவரை யாரும் தொட்டுப் பார்த்ததே இல்லை, அக்கா. தொப்புளுக்கு இரண்டு பக்கமும் ரப்பர் மாதிரி கட்டிகள். ஒரே இடத்தில் குத்தினால் வலி மரத்துப்போகும், அதனால் எல்லாரும் அங்கேயே குத்துவார்களாம். அங்கே போட்ட மருந்து ஒரு நாள் ரத்தத்தில் சேராது, இன்னொரு நாள் மொத்தமாகச் சேர்ந்துவிடும். புது இடத்தில் போட ஆரம்பித்தால் மருந்து நன்றாகப் பிடிக்கும், அதனால் டோஸ் குறைய வேண்டியிருக்கும், அதையும் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்றாள். அப்பாவின் வயிற்றையும் நீ தடவிப் பார்.

இன்சுலினை முதன்முதலில் மனிதனுக்குப் போட்டது இந்த ஊரில்தான், 1922 ஜனவரி 11. லெனர்ட் தாம்ப்சன் என்ற பதினாலு வயதுப் பையன். அந்த மருந்து சுத்தமாக இல்லை. ஊசி போட்ட இடம் சீழ் கட்டியது, சர்க்கரையும் பெரிதாக இறங்கவில்லை. உடனே நிறுத்தி, காலிப் என்பவர் அதைச் சுத்திகரித்துக் கொடுத்து, 23-ஆம் தேதி மறுபடி போட்டார்கள். பையன் தேறினான். அதைக் கண்டுபிடித்த டொராண்டோ பல்கலைக்கழகம் வழியாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன், முதல் ஊசியிலேயே பக்கவிளைவைக் கவனித்து மருந்தையே திருத்தியிருக்கிறார்கள்.

சரி, அப்பா விஷயம். முதலில் சிரிஞ்சைப் பார். நம் ஊரில் சீசா பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட் கணக்கு, அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. ஆரஞ்சு மூடி 100 யூனிட்டுக்கு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடியில் ஏற்றினால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். மருந்துக்கடைப் பையன் மாற்றிக் கொடுத்திருந்தால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. ராத்திரி இரண்டு, மூன்று மணிக்குச் சோதித்துப் பார். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடு, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாதே, ஆஸ்பத்திரிக்குத் தூக்கு. ஒரு ராத்திரி குறைந்திருந்தாலும் போதும், அடுத்த ஊசிக்கு முன்னாலேயே டாக்டரைப் பாருங்கள்.

அங்கே அப்பாவைப் பேச விடாதே. டாக்டரைக் கண்டதும் "நல்லா இருக்கேன் சார்" என்றுதான் சொல்வார். நீ எழுதிய தாளை முதலில் நீட்டு. கிட்னி எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் டெஸ்ட் பார்க்கச் சொல், கிட்னி தளர்ந்தால் இன்சுலின் உடம்பில் அதிக நேரம் தங்கும். பிரஷருக்கு அப்பா போடுவது அட்டெனலால் வகையா என்றும் கேள், அது படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடும், வியர்வை மட்டும்தான் தெரியும். இதற்கும் "வயசு" என்றால், பாளையங்கோட்டையில் வேறு டாக்டரைப் பாருங்கள். மரியாதைக் குறைவு என்று அத்தான் தயங்க வேண்டாம்.

நான் நன்றாக இருக்கிறேன். குளிர் மைனஸ் இருபது வரை போகிறது. இன்சுலின் உறைந்தால் பிறகு உருகினாலும் உதவாது, அதனால் ஸ்வெட்டருக்கு உள்ளே வைத்துக்கொண்டு நடக்கிறேன். வேலைக்கு இப்போது பாதித் தூரம் நடந்துதான் போகிறேன், நடந்தால் சர்க்கரைக்கு நல்லது. மருந்துச் செலவு எப்படியோ நடக்கிறது, அதைப் பற்றி யோசிக்காதே. பொங்கலன்று மட்டும் மனசு கேட்கவில்லை. நீ கோலம் போடுகிற வாசல், ஆச்சியின் அதட்டல், அப்பா கரும்பு வெட்டித் தருகிற சத்தம், எல்லாம் நினைவுக்கு வந்து, இல்லத்துப் பாட்டி ஒருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் கையை விடவில்லை.

சீட்டுப் பணம் இந்த மாதம் கொஞ்சம் தள்ளி வரும், பேங்கில் ஏதோ மாற்றம் என்று அத்தானிடம் சொல்லிவிடு. பெரியவன் ஹாஸ்டல் பணத்துக்கு முன்னுரிமை கொடு. சித்தப்பா வீட்டுப் பத்திரத்துக்குக் கையெழுத்துக் கேட்டு எனக்கும் எழுதியிருக்கிறார். அப்பா தேறுகிற வரை கிணற்றுப் பக்கத்தைப் பிரிக்கச் சம்மதிக்காதே. பவர் எழுதினால் உன் பெயரில்தான் எழுதுவேன், அவர் பெயரில் இல்லை. இங்கே இந்தியத் துணைத் தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். அது ஊருக்கு வந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். ஆதாரில் உன் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுத்துப் பிசகாமல் அனுப்பு. அதற்கு முன்னால், இன்றைக்கே, அப்பாவின் சீசாவையும் சிரிஞ்சையும் போட்டோ எடுத்து அனுப்பு.

உன் தங்கை