ஒன்ராறியோ ஏரிகளில் படகு விடும் எம்மவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பான அண்ணாமார், அக்காமார், தம்பி தங்கைமாருக்கு வணக்கம்.

கோடை தொடங்கினால் சிம்கோ ஏரிக்கும் ஒன்ராறியோ ஏரிக்கும் தூண்டிலோடு போகிற எங்கள் ஆட்கள் வருடா வருடம் கூடுகிறார்கள். சொந்தப் படகு வாங்கியவர்களும் பலர். அதில் எனக்குச் சந்தோசம்தான். ஆனால் படகுத்துறையில் அடிக்கடி காதில் விழும் ஒரு கதை என்னைக் கவலைப்படுத்துகிறது: "முந்தியைவிட இப்ப தண்ணி நல்ல கிளீன், அடி மட்டும் தெரியுது."

அடி தெரிவதற்குக் காரணம் சீப்ரா மட்டியும் குவாகா மட்டியும். கருங்கடல், கஸ்பியன் கடல் பக்கத்தைச் சேர்ந்த இவை கப்பல்கள் பாரத்துக்காக ஏற்றி வந்த தண்ணீரோடு இங்கே வந்து சேர்ந்தன. 1988இல் சென் கிளேயர் ஏரியில் சீப்ரா மட்டி கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த வருடமே ஈரி ஏரியில் குவாகா. விரல் நகமளவு மட்டி ஒன்று ஒரு நாளைக்கு ஒரு லீற்றர் வரை தண்ணீரை வடிகட்டும். மீன்குஞ்சுகளுக்கு வேண்டிய நுண்பாசி அந்த வடிகட்டலிலேயே போய்விடுகிறது.

வடிகட்டும் மட்டி எல்லாவற்றையும் விழுங்குவதில்லை. பிடிக்காததைச் சளியில் சுற்றித் துப்பிவிடும். நஞ்சு சுரக்கும் மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சை பக்டீரியாவை அப்படித்தான் உயிரோடு வெளியே தள்ளுகிறது, அதற்குப் போட்டியான நல்ல பாசியைத் தின்றுவிடுகிறது. ஹியூரன் ஏரியின் சாகினோ குடாவில் ஆய்வாளர்கள் இதை நேரில் கண்டிருக்கிறார்கள். 2014 ஓகஸ்டில் ஈரி ஏரியில் இதே மைக்ரோசிஸ்டிஸ் பெருகி, அமெரிக்காவின் ரொலீடோ நகரத்தில் 4 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் குழாய்த் தண்ணீரைக் குடிக்க முடியாமல் இருந்தார்கள். வயல்களிலிருந்து வரும் பொஸ்பரஸ்தான் அங்கே முதற்காரணம். மட்டி அந்த நஞ்சுக்குத் துணை நிற்கிறது.

கரையில் ஒரு மட்டிக் கொத்தைக் கையில் எடுத்துத் தடவிப் பாருங்கள். ஓட்டின் மேல் வழுவழுப்பாக, மண்ணிறமாக ஒரு படை இருக்கும். அதில் குடியிருப்பவை பக்டீரியாக்கள். மட்டி கழிக்கும் அமோனியாவை அவை நைத்திரேற்றாக மாற்றுகின்றன. மட்டியின் குடலுக்குள் இருக்கும் வேறு பக்டீரியாக்கள் நைத்திரேற்றை வாயுவாக்குகின்றன. இந்த இரண்டு இடத்திலிருந்தும் பூமியைச் சூடாக்கும் நைத்திரஸ் ஒக்சைட் வெளிவருவதை 2012இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. படகில் ஒட்டிவரும் ஒரு மட்டியோடு இத்தனையும் சேர்ந்து வருகிறது.

என்னை மிகவும் வருத்துவது பறவைகளின் சாவு. தெளிந்த தண்ணீரில் வெயில் ஆழத்துக்கு இறங்குகிறது. மட்டிக் கழிவு உரமாகிறது. கிளடோபோரா என்ற பச்சை இழைப்பாசி பாறையெல்லாம் படர்ந்து, கழன்று, குவிந்து அழுகுகிறது. ஏஜக்ஸ் கரையில் நடந்தவர்களுக்கு அந்த நாற்றம் தெரியும். அழுகும் குவியலுக்கு அடியில் ஒட்சிசன் தீர்ந்துபோனதும் குளொஸ்ரிடியம் பொட்டுலினம் என்ற பக்டீரியா தன் நஞ்சைச் சுரக்கிறது. அந்த நஞ்சு, மட்டியைத் தின்னும் ரவுண்ட் கோபி மீனுக்குள் போகிறது என்பதே ஆய்வாளர்களின் கணிப்பு. கோபியை விழுங்கும் பறவை கழுத்தைத் தூக்க முடியாமல் தண்ணீரில் மூழ்கிச் சாகிறது. 1999க்குப் பிறகு பேரேரிகளில் இப்படிச் செத்தவை பல்லாயிரம். எங்கள் ஒரு டொலர் குற்றியில் இருக்கும் லூன் பறவையும் அவற்றில் ஒன்று.

மருந்து இல்லையா என்று கேட்பீர்கள். நியூயோர்க் மாநில அருங்காட்சியகத்தில் டானியல் மொலோய் என்பவர் நூற்றுக்கணக்கான பக்டீரியா வகைகளைச் சோதித்து, மட்டியின் செரிமானச் சுரப்பியை அழிக்கும் சூடோமோனாஸ் வகையொன்றைக் கண்டுபிடித்தார். குழாய்களுக்கும் சிறு நீர்ப்பரப்புகளுக்கும் அது உதவும். சிம்கோ அளவு ஏரிக்கு அது எந்த மூலைக்கும் காணாது. மட்டி ஏறிய பெரிய ஏரியிலிருந்து அதை இறக்க இன்று வழியில்லை. ஏறாத ஏரிகளைக் காப்பது மட்டுமே எங்கள் கையில்.

அதனால் கேட்கிறேன். படகை வெளியே எடுத்ததும் அடித்தக்கையைக் கழற்றித் தண்ணீரை வடிய விடுங்கள். ட்ரெயிலரிலும் நங்கூரக் கயிற்றிலும் சிக்கிய பாசியைப் பிடுங்குங்கள். 2022 ஜனவரி முதல் ஒன்ராறியோவில் இது சட்டம். மட்டிக் குஞ்சு கண்ணுக்குத் தெரியாது என்பதால் 50 பாகை செல்சியசுக்கு மேல் சூடான தண்ணீரால் கழுவுங்கள், அல்லது குறைந்தது 5 நாளாவது நன்றாகக் காயவிட்டு அடுத்த ஏரிக்குக் கொண்டுபோங்கள். இரைவாளித் தண்ணீரை ஏரியிலோ கரையிலிருந்து 30 மீற்றருக்குள்ளோ ஊற்றவே கூடாது, அதுவும் சட்டம்.

ஊரில் மட்டிக்கறி தின்று வளர்ந்தவர்கள் இதையும் சமைக்கலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். தண்ணீரிலுள்ள நஞ்சும் மாசும் அதன் சதையில் சேர்ந்திருக்கும். கரையில் செத்துக் கிடக்கும் மீனையும் எடுக்காதீர்கள்.

கோடை ஒன்றுகூடல் நடத்தும் ஊர்ச்சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் இந்த வருட அழைப்பிதழோடு மேலே சொன்ன விதிகளைத் தமிழில் ஒரு பக்கத்தில் அடித்து அனுப்பவேண்டும். எழுதித்தரவும், படகுத்துறைக்கு வந்து செய்துகாட்டவும் நான் தயார்.

அன்புடன்,
உங்களோடு தூண்டில் போடும் ஒருவன்