அக்கா வருகிறாள்

அன்புள்ள நண்பா,

நலம்தானே? முழங்கால் வலி குறைந்ததா? வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அக்கா வருகிறாள்! அத்தான் போனதிலிருந்து வாசல் தாண்டாதவள், தானே போன் பண்ணி, "அடுத்த வாரம் வரேன், என்னை ஓபராவுக்குக் கூட்டிட்டுப் போ" என்றாள். "அவ்வளவு பெரிய அரங்கத்துல மைக் இல்லாமப் பாடுறாங்களாமே, அதை ஒரு தடவை நேர்ல கேக்கணும்." அவள் தனக்கென்று ஒன்று கேட்டு எத்தனை காலமாயிற்று! போனை வைத்தபிறகு எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அவளுக்கு டிக்கெட் எடுக்கும் முன் ஒருமுறை பார்த்துவிடலாமே என்று நேற்று நான் மட்டும் போனேன். இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் 'லா டிராவியாட்டா', பாட்டாலேயே கதை சொல்லும் இசை நாடகம். வயிற்றெரிச்சலோடு திரும்பினேன்.

மைக் வைத்துப் பாடினார்கள்! காதலனின் அப்பாவாக வந்தவர் மேடையின் இடது ஓரத்தில் நிற்கிறார், அவர் குரலோ வலது பக்க ஸ்பீக்கரிலிருந்து வருகிறது. இதற்காகவா இவர்கள் வருஷக்கணக்கில் சாதகம் செய்கிறார்கள்? பயிற்சி பெற்ற ஆண் குரலில் 3000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு கூர்மை ஏறும். வாத்தியங்களின் பலம் அந்த இடத்தில் குறைவு. அதனால்தான் முழு வாத்தியக் குழுவையும் தாண்டிக் குரல் கடைசி வரிசைவரை வந்து சேர்கிறது. அக்கா கேட்க ஆசைப்படுவது அதைத்தான்.

அப்புறம் கடைசி அங்கம். காசநோயில் சாகக் கிடக்கும் நாயகி வியோலெட்டா, காதலனின் அப்பா எழுதிய கடிதத்தைப் படிப்பாளே, உனக்கு ரொம்பப் பிடித்த இடம். பாட்டு கிடையாது, வெறும் பேச்சு. பின்னால் ஒற்றை வயலின் பழைய காதல் மெட்டை வாசிக்கும். மூச்சு வாங்கும் அந்தக் குரல் பொதுக்கூட்ட அறிவிப்பு மாதிரி அதிர்ந்தது. மேலே ஓடிய மொழிபெயர்ப்பு வரிகள் வேறு முந்திக்கொண்டன. அவள் விழும் முன்பே, டாக்டர் சொல்லவேண்டிய "உயிர் போய்விட்டது" திரையில் வந்துவிட்டது. யாரோ சிரித்தார்கள். 1853-இல் வெனிஸில் முதன்முதலாக மேடையேறியபோதும் இந்த அங்கத்தில் சிரித்தார்களாம், காசநோய்க்காரியாக நடித்தவர் பருமனாக இருந்தார் என்று. அடுத்த வருஷம் அதே ஊரில் அது பெரிய வெற்றி பெற்றது. நேற்றைய பாடகி நல்ல பாடகி. கோளாறு அவரிடம் இல்லை.

நெட்டையிடம் சொன்னேன். "மைக்கை விடு, புருஷனை இழந்தவளுக்குச் சாவுக் கதை எதுக்கு? சிரிக்கிற மாதிரி ஏதாவது கூட்டிட்டுப் போ" என்றான். ராத்திரி முழுக்க அதையே யோசித்தேன். எனக்கு ஒப்பவில்லை. அத்தான் காரியத்தன்றுகூட அவள் அழவில்லை, வந்தவர்களைக் கவனித்துக்கொண்டே இருந்தாள். நீயும் பார்த்தாய். இருட்டில், யாரும் கவனிக்காத இடத்தில், வேறு ஒருத்திக்காக அவள் அழுதால் அழட்டுமே.

அதனால் அந்த அரங்கம் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். இசை மாணவர்கள் ஒரு சின்னக் கூடத்தில் பியானோவோடு ஓபராப் பாடல்கள் பாடுகிறார்கள். மைக் கிடையாது, கேட்டு உறுதி செய்துகொண்டேன். அக்காவை அங்கே முன்வரிசையில் உட்காரவைக்கப் போகிறேன்.

சரி, பாடகி மரியா காலாஸ் இதே ஓபராவைப் பாடிய என் இசைத்தட்டு, அந்த 1958 லிஸ்பன் மேடைப் பதிவு, இன்னும் உன் அலமாரியில்தான் இருக்கிறது. "தேடித் தரேன்" என்ற பழைய பாட்டெல்லாம் இனிச் செல்லாது. அக்கா இருக்கும்போதே எடுத்துக்கொண்டு வா. உன்னையும் பார்க்கவேண்டும் என்றாள்.

அன்புடன்,
நான்தான்