நீ அனுப்பிய நீல நத்தையின் பெயர்

அன்பு மகள் யாழினிக்கு,

நீருக்கடியில் நீ எடுத்த மூன்று படங்களையும் பெரிதாக்கிப் பொறுமையாகப் பார்த்தேன். "கடல் அட்டை" என்று எழுதியிருந்தாய். தமிழில் அந்தப் பெயர் நட்சத்திர மீனுக்கு உறவான, வெள்ளரிக்காய் போல் நீண்ட வேறோர் உயிரியைக் குறிப்பது. நீ கண்டது வளரும்போதே தன் மேலோட்டை இழந்துவிடும் கடல் நத்தை, அதாவது நூடிபிராங்க். வெற்றுச் செவுள் உடையது என்பது அச்சொல்லின் பொருள்.

இதே நிறங்களில் தட்டைப்புழுக்களும் உண்டு என்பதால், முதலில் அந்த ஐயத்தைத் தீர்த்துக்கொண்டேன். தலையில் மோப்பம் அறியும் இரு கொம்புகளும், முதுகின் பின்பக்கம் மலத்துளையைச் சுற்றிப் பூவைப் போல் விரிந்த செவுள்களும் முதல் படத்தில் தெளிவாக உள்ளன. தட்டைப்புழுவுக்குச் செவுள் கிடையாது. மூன்றாம் படத்தில் அவற்றைக் காணோமே என்று குழம்பாதே, சீண்டினால் செவுளை உள்ளே இழுத்துக்கொள்வது இந்த இனத்தின் வழக்கம். (நீ அதைத் தொட்டிருக்கிறாய் என்று நினைக்கிறேன்.)

உன் நத்தை சேர்ந்த குரோமோடோரிஸ் என்ற பேரினத்தில் நீல உடலும் கருங்கோடுகளும் கொண்ட இனங்கள் பல இருப்பதால், நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். விளிம்பைப் பார். ஆரஞ்சு வளையம் இல்லாமல் வெண்மை மட்டும் இருந்தால் லோக்கி அல்லது வில்லனி என்ற இனமாக இருக்கலாம்; இவ்விரண்டில் செவுளிலும் கொம்பிலும் வெண்புள்ளிகள் இருப்பது வில்லனி. உன் நத்தைக்கோ ஆரஞ்சு வளையமும் அதற்கு வெளியே வெள்ளைக் கரையும் இருக்கின்றன. ஆகவே எலிசபெத்தினா என்று நீ முடிவு செய்ததில் வியப்பில்லை. ஆனால் நீலப் பரப்பை உற்று நோக்கினால் பொடிப்பொடியாகக் கரும்புள்ளிகள் தெரிகின்றன. எலிசபெத்தினாவின் நீலத்தில் அவை இருப்பதில்லை, அன்னே என்ற இனத்தில் இருக்கும். கோப்பன்ஹேகன் மருத்துவரான ருடால்ஃப் பெர்க் இவ்விரண்டையும் 1877 ஆம் ஆண்டிலேயே தனித்தனி இனங்களாக விவரித்திருக்கிறார்.

ஆனாலும் உன் குறிப்பேட்டில் "அன்னேயாக இருக்கக்கூடும்" என்றே எழுது. இந்தப் பேரினத்தில் ஒரே இனத்துக்குள் நிறக்கோலம் மாறுவதையும், வெவ்வேறு இனங்கள் ஒன்றுபோல் தோன்றுவதையும் 2018 இல் வெளிவந்த மரபணு ஆய்வு காட்டியது. இவை தின்னும் கடற்பஞ்சுகளின் நச்சு உடலின் விளிம்பில் சேர்ந்திருக்கும். அந்தக் கசப்பை ஒருமுறை சுவைத்த மீன் அதே நிறமுள்ள மற்றவற்றையும் விட்டுவிடும் என்பதால், ஒத்த தோற்றம் எல்லா இனங்களுக்கும் ஆதாயம். மீனுக்கு விரித்த அந்த வலையில்தான் நாமும் விழுகிறோம்.

மீண்டும் கண்டால் கொம்பையும் செவுளையும் மிக அருகிலிருந்து ஒரு படமும், விளிம்பு முழுவதும் தெரியும்படி மேலிருந்து ஒரு படமும் எடு. அது அமர்ந்திருந்த கடற்பஞ்சையும் ஆழத்தையும் குறித்துவை. கையால் மட்டும் தூக்காதே.

அன்புடன்,
அப்பா