பள்ளிக்கூடக் கட்டடம் 43-ஆவது பொருளா? மாமன்ற, நகர்மன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் மாநகராட்சி மேயர்கள், நகர்மன்றத் தலைவர்கள், வார்டு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நகராட்சிப் பள்ளி ஒன்றின் மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோரில் நானும் ஒருத்தி. எந்த ஊர், எந்தக் கட்சியின் கையில் இருக்கும் மன்றம் என்பதைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் பேச்சு அந்த ஊரோடு நின்றுவிடும். மற்றவர்கள் "நம்ம ஊர்ல அப்படியெல்லாம் இல்லம்மா" என்று நகர்ந்துவிடுவீர்கள்.

2011-க்குப் பிறகு 2022 பிப்ரவரி 19-இல்தான் நகரங்களுக்குத் தேர்தல் நடந்தது. இடையில் 2016 முதல் தனி அலுவலர்கள் நிர்வாகம். அந்த ஆண்டுகளில் தெருவிளக்கு எரியவில்லை என்றால்கூட யாரிடம் போய் நிற்பது என்று தெரியாமல் அலைந்தவர்கள் நாங்கள். அதனால் மன்றம் வேண்டாம், கவுன்சிலர் வேண்டாம் என்று சொல்லும் கூட்டத்தில் என்னைச் சேர்த்துவிடாதீர்கள். மன்றத்தில் சண்டை நடப்பதும் எனக்குக் குறையாகத் தெரியவில்லை. சண்டைக்குத்தானே மன்றம். என் வருத்தம், பள்ளிக்கூடத்தைப் பற்றி யாரும் சண்டை போடுவதில்லை என்பது. வேறு எதற்கோ நடக்கும் சண்டையில் பள்ளிக்கூடம் மாட்டிக்கொள்கிறது.

கூட்டம் எப்படி நடக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் பார்வையாளர் மாடத்திலிருந்து அது எப்படித் தெரிகிறது என்பதைக் கேளுங்கள். அஜெண்டா தடித்த கட்டாக வருகிறது. பிளீச்சிங் பவுடர் வாங்கியது, குடிநீர் மோட்டார் பழுது பார்த்தது, அவசரம் கருதி ஏற்கெனவே செய்துவிட்ட செலவுக்குப் பின்னேற்பு, கடை ஏலம். இவற்றுக்கெல்லாம் பிறகு பொருள் எண் 43: "நடுநிலைப்பள்ளியில் நான்கு வகுப்பறைகள் கட்டும் பணிக்கான மதிப்பீடு மன்றத்தின் அனுமதிக்கு வைக்கப்படுகிறது." அவ்வளவுதான். வரைபடம் இல்லை. எத்தனை பிள்ளைகள் என்ற எண் இல்லை. பழைய கட்டடத்தில் இப்போது படிப்பவர்கள் எங்கே போவார்கள் என்ற வரி இல்லை.

அந்த 43-க்கு யாரும் வந்து சேர்வதே இல்லை. பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிய குழியை மூடவில்லை என்று நான்காவது பொருளிலேயே ஒருவர் எழுந்து நிற்கிறார். அவர் கேட்பது நியாயம். பதில் சொல்ல வேண்டியவர் சொல்வதில்லை. கூச்சல், காலிக்குடம், தரையில் உட்கார்ந்து தர்ணா, வெளிநடப்பு. போனவர்கள் போக, இருப்பவர்கள் மேசையைத் தட்ட, "அனைத்துத் தீர்மானங்களும் நிறைவேற்றப்பட்டன" என்று ஒரே மூச்சில் அறிவிப்பு வருகிறது. அல்லது அன்றைக்கு ஆளுங்கட்சிக்குள்ளேயே முறுகல் என்றால் கூட்டம் மொத்தமும் ஒத்திவைப்பு. முதல் வழியில் போனால் நான்கு வகுப்பறைகளின் திட்டத்தை மன்றத்தில் ஒருவர்கூடப் படித்திருக்க மாட்டார். இரண்டாவது வழியில் போனால் ஒரு மாதம் போய்விடும். தொடக்கப்பள்ளிக்குச் சட்டம் வைத்திருக்கும் கல்வியாண்டு 200 வேலை நாள். அதில் ஒரு மாதம் என்பது உங்களுக்கு அடுத்த கூட்டம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அது எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கும் பருவம்.

இது நம் வேலையா, பள்ளிக் கல்வித் துறையின் வேலையா என்று உங்களில் சிலர் கேட்பதுண்டு. கேள்வியில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. பல நகராட்சிகளில் ஆசிரியர் அந்தத் துறையின் ஆள், கட்டடம் மட்டும் உங்களுடையது. அரசமைப்புச் சட்டத்திலும் ஒரு விசித்திரம் உண்டு. ஊராட்சிகளுக்கான பதினொன்றாம் அட்டவணையில் தொடக்க, இடைநிலைப் பள்ளிகள் உட்பட கல்வி என்று வெளிப்படையாகவே இருக்கிறது. நகரங்களுக்கான பன்னிரண்டாம் அட்டவணையிலோ பண்பாடு, கல்வி, அழகுணர்ச்சி ஆகியவற்றை வளர்ப்பது என்று பொத்தாம் பொதுவாக ஒரு வரி. பள்ளிக்கூடத்தையும் பூங்காச் சிலையையும் ஒரே வரியில் அடக்கிய அந்தப் புண்ணியவான் யாரோ.

ஆனால் அந்தச் சாக்கு 2010 ஏப்ரல் 1 முதல் செல்லாது. அன்றைக்கு நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு உள்ளாட்சி அமைப்பின் கடமைகளை வரிசையாகச் சொல்கிறது. பள்ளிக் கட்டடம் உள்ளிட்ட கட்டமைப்பைத் தருவது அதில் ஒன்று. அதே சட்டத்தின் இணைப்பு அட்டவணையில் ஆசிரியருக்கு ஒரு வகுப்பறை, தடையில்லாமல் ஏறிவரும் வழி, ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறை, குடிநீர், சமையற்கூடம், விளையாட்டுத்திடல், சுற்றுச்சுவர் என்று எல்லாம் இருக்கிறது. போதாக்குறைக்குச் சொத்துவரியோடு சேர்த்துக் கல்வி வரி என்று ஒன்றை நாங்கள் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

உங்களுக்கு முன்னால் இதே நாற்காலிகளில் உட்கார்ந்தவர்கள் இப்படிக் கேட்கவில்லை. 1920 செப்டம்பர் 16 அன்று சென்னை மாநகராட்சி மன்றத்தில் ஒரு தீர்மானம் வந்தது. ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியின் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி, ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல். மன்றத்துக்குத் தலைவர் பிட்டி தியாகராயர். வறுமையால் பிள்ளைகள் பள்ளிக்கு வருவது குறைகிறது, என்ன செய்யலாம் என்று யோசித்ததன் விளைவு அது. சோறு போடுவது மாநகராட்சியின் வேலையா என்று அன்றைக்கும் கேட்டிருக்க முடியும். மன்றம் போட்டது. சில ஆண்டுகளில் மேலும் சில பள்ளிகளுக்குப் பரவியது. பிறகு 1925-இல் நின்றது. ஏன் நின்றது தெரியுமா? தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இந்தச் செலவைச் செய்யக்கூடாது என்று மேலிடம் சொல்லிவிட்டது. கணக்குத் தலைப்புத் தகராறு! நூறு ஆண்டுக்குப் பிறகும் அதே தகராறுதான் பள்ளி வாசலில் நிற்கிறது. பொது நிதியா, கல்வி நிதியா, எம்.எல்.ஏ. நிதியா என்று கோப்பு மேசை மேசையாகப் போய்வருகிறது. வித்தியாசம் ஒன்றுதான். அன்றைய மன்றம் செய்த பிறகு தடுக்கப்பட்டது. இன்றைய மன்றம் செய்யாமலிருக்க அதே தலைப்பைக் காரணமாக்குகிறது.

இனி, நீங்கள் உண்மையிலேயே சண்டை போட வேண்டிய இடங்களுக்கு வருகிறேன்.

முதலாவது, நிலம். பழைய நகராட்சிப் பள்ளிகள் பெரும்பாலும் ஊரின் நடுவில், கடைத்தெருவை ஒட்டி இருக்கின்றன. அதனாலேயே அவற்றின் சாலை முகப்பு பலர் கண்ணை உறுத்துகிறது. சுற்றுச்சுவரை உள்ளே தள்ளி, முன்பக்கம் வரிசையாகக் கடை கட்டி ஏலம் விட்டால் நகராட்சிக்கு வருமானம். சில ஊர்களில் இது நடந்து முடிந்தே பல காலம் ஆகிறது. பள்ளிக்கு வெளியிலிருந்து தெரிவது பெயர்ப்பலகையும் இரண்டு கடைகளுக்கு நடுவே ஒரு சந்தும்தான். தீயணைப்பு வண்டி அந்தச் சந்தில் திரும்பாது. கடை வாடகை எந்தத் தலைப்பில் வரவாகிறது, அதில் பள்ளிக்கு ஒரு ரூபாயாவது திரும்புகிறதா என்று உங்களில் யாராவது மன்றத்தில் கேட்டு, பதில் மினிட் புத்தகத்தில் ஏறியிருந்தால் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள். புதிய கட்டடத்தைத் திடலின் நடுவில் கொண்டுபோய் வைப்பதும் இதன் தங்கைதான். முகப்பைக் கடைக்கு விட்டாயிற்று, பழைய கட்டடத்தை இடிக்க அனுமதி வரவில்லை, மிச்சம் இருப்பது பிள்ளைகள் ஓடும் இடம். பிறகு சட்டம் கேட்கும் விளையாட்டுத்திடலுக்கு எங்கே போவது?

"பள்ளியை ஊருக்கு வெளியே பெரிய இடமாகப் பார்த்து மாற்றிவிடலாமே" என்று ஒரு யோசனையும் அடிக்கடி வரும். தொடக்கப்பள்ளி நடந்து போகும் தூரத்தில், ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. வெளியே மாற்றினால் வேனுக்குப் பணம் கட்ட முடிந்தவர்கள் தனியார் பள்ளிக்குப் போவார்கள். முடியாதவர்கள் பிள்ளையை மூன்று நாள் அனுப்பி இரண்டு நாள் நிறுத்துவார்கள். அதன்பிறகு சேர்க்கை குறைந்துவிட்டது என்று இன்னொரு பொருள் வரும்.

இரண்டாவது, கட்டி முடிக்கும் வரை பிள்ளைகள் எங்கே. இதைப் பேசாமல் எந்த மதிப்பீட்டுக்கும் அனுமதி கொடுக்காதீர்கள் என்று கையெடுத்துக் கேட்கிறேன். 2004 ஜூலை 16-இல் கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் தீயில் போன பிறகுதான் பள்ளிகளிலிருந்து கூரைக் கொட்டகைகள் அகன்றன. 2021 டிசம்பர் 17-இல் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகுதான் பழுதான கட்டடங்களை இடிக்கும் வேலை மாநிலம் முழுக்க வேகம் பிடித்தது. இடித்தது சரி. சன்ஷேடு விரிசல் விட்டு, தளப் பூச்சு பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி விலா எலும்பாகத் தெரியும் அறையில் யார் பிள்ளையும் உட்காரக் கூடாது. ஆனால் இடித்த வேகத்தில் பல இடங்களில் கட்டவில்லை. ஓர் அறையில் இரண்டு வகுப்புகள், நடுவில் ஒரு கரும்பலகை. அந்தப் பக்கம் மூன்றாம் வகுப்பு வாய்ப்பாடு சொல்கிறது, இந்தப் பக்கம் நான்காம் வகுப்பு ஆசிரியை தொண்டை வறளக் கத்துகிறார். மழை வந்தால் தாழ்வாரத்துப் பிள்ளைகளும் உள்ளே. சமுதாயக் கூடத்துக்கு மாற்றிவிட்டோம் என்பீர்கள். முகூர்த்த நாளில் அங்கே பந்தி நடக்கும், பள்ளிக்கு விடுமுறை.

டெண்டர் எப்போது, ஒர்க் ஆர்டர் எப்போது, தளம் போடுவது எப்போது, அதுவரை வாடகைக் கட்டடம் எது, அதன் கழிப்பறை எப்படி, வாடகை யார் தருவது என்பதை மதிப்பீட்டோடு ஒரே தாளில் கேளுங்கள். பொறியியல் பிரிவு தர மறுத்தால் அங்கே உட்கார்ந்து தர்ணா செய்யுங்கள், நாங்களும் வந்து உட்காருகிறோம். அமைச்சர் தேதி கொடுத்துவிட்டார் என்று அவசரப்படுத்துவதையும் தடுங்கள். கான்கிரீட் தன் முழு வலுவைக் காட்ட 28 நாள் கணக்கு. திறப்பு விழா அழைப்பிதழைப் பார்த்து அது சீக்கிரம் இறுகாது.

கல்வெட்டில் யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்ற சண்டையைப் பற்றி எழுதத் தொடங்கினேன், அடித்துவிட்டேன். எல்லோர் பெயரையும் போட்டுக்கொள்ளுங்கள். கல் பெரிதாக இருக்கட்டும்.

கழிப்பறையைப் பற்றி மட்டும், உறுப்பினர்களில் பாதிப்பேராக இருக்கும் பெண்களிடம் தனியாக ஒரு வார்த்தை. வரைபடத்தில் கழிப்பறை என்று கட்டம் போட்டிருக்கும். தண்ணீர்த் தொட்டி எங்கே, இணைப்பு எதிலிருந்து, தினமும் கழுவ ஆள் யார், அந்தச் சம்பளம் எந்தத் தலைப்பில் என்பது இருக்காது. பூட்டிக் கிடக்கும் புதுக் கழிப்பறைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வீட்டுக்குப் போகும்வரை அடக்கிக்கொண்டு தண்ணீரே குடிக்காத பெண் பிள்ளைகளைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உங்கள் கணவர்மார் கூட்டத்துக்கு வந்து பின்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுக்கும் ஊர்களில், இந்த ஒரு கேள்வியையாவது நீங்களே கேளுங்கள்.

நான் கேட்பது பெரிதில்லை. பள்ளிக் கட்டடம் பற்றிய பொருளை அஜெண்டாவில் மேலே கொண்டுவாருங்கள். அதைத் தனியாக வாசித்து, தனியாக விவாதித்து, தனியாகத் தீர்மானியுங்கள். எதிர்க்கிறவர் பெயரும் காரணமும் மினிட்டில் ஏறட்டும். மற்ற எதற்காக வெளிநடப்புச் செய்தாலும் இந்தப் பொருளுக்கு உள்ளே வந்து உட்காருங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 22-ஆவது பிரிவுப்படி மேலாண்மைக் குழு தயாரிக்கும் பள்ளி மேம்பாட்டுத் திட்டம்தான் அரசும் உள்ளாட்சியும் போடும் திட்டத்துக்கும் நிதிக்கும் அடிப்படை. எங்கள் குழு அதை எழுதிக் கொடுத்திருக்கிறது. தலைமை ஆசிரியர் மேசையில் ஒரு நகல் இருக்கிறது. அது மன்றத்துக்கு வந்ததாக நான் கேள்விப்படவில்லை. மதிப்பீட்டோடு அதையும் இணைத்து வைக்கச் சொல்லுங்கள். 2022 நவம்பர் 1-இல் தொடங்கிய, அந்தந்தப் பகுதி மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைக் கூட்டங்களில் ஒன்றைப் பள்ளி வளாகத்திலேயே நடத்தி, வரைபடத்தைச் சுவரில் மாட்டுங்கள். எங்கே மதில் வரும், எங்கே வாசல் வரும் என்று பார்த்தால் பெற்றோர் சொல்வார்கள். எந்தப் பக்கம் மழைநீர் தேங்கும் என்பது பொறியாளரைவிட ஆயாவுக்குத் தெரியும்.

இவற்றுக்கு அரசாணை எதுவும் வரவேண்டியதில்லை. தலைவர் மனம் வைத்தால், உறுப்பினர்கள் நாலு பேர் எழுதிக் கொடுத்தால், அடுத்த கூட்டத்திலேயே செய்யலாம். அன்றைக்கு எங்கள் குழுவிலிருந்து பார்வையாளர் மாடத்துக்குச் சிலர் வருவோம். வரைபடத்தின் நகல் இரண்டு கூடுதலாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நகராட்சிப் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் ஒருத்தி