தங்கம்மாவுக்கு யாரும் கோடு போடவில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். இளமைப் பருவத்தைச் சொல்லும் நாவல்களை இருபது வயதுக்குள் படித்துவிட வேண்டும், பிறகு ருசிக்காது என்கிறது சென்ற இதழ்க் கட்டுரை. கும்பகோணத்தில் வாழ்கிற என்னால் இதை ஏற்க முடியவில்லை.

எங்கள் ஊர்க் கதையான தி. ஜானகிராமனின் 'மோகமுள்'ளையே எடுத்துக்கொள்ளுங்கள். பாபு இங்கே கல்லூரியில் படிக்கிறான், ரங்கண்ணாவிடம் சங்கீதம் கற்கிறான், தன்னைவிடப் பத்து வயது மூத்த யமுனாவை நினைத்து உருகுகிறான். கல்லூரி வயதில் படிப்பவர்கள் பாபுவின் கண்ணால்தான் அவளைப் பார்ப்பார்கள். அந்தத் தவிப்பு ஐம்பதில் அதே சூட்டோடு கிடைக்காது, உண்மைதான்.

ஆனால் ஐம்பதில் யமுனா வீட்டின் வறுமை கண்ணில் படுகிறது. தகப்பனார் போனபின் வருமானம் வற்றுகிறது. மராத்தியத் தாய்க்கும் பிராமணத் தந்தைக்கும் பிறந்தவள் என்று வரன்கள் தட்டிப்போகின்றன. அவளுடைய மௌனத்தில் எவ்வளவு மானம், எவ்வளவு பசி என்பது குடும்பச் செலவைச் சுமந்தவர்களுக்குச் சட்டென்று புரியும்.

தங்கம்மா விஷயம் இன்னும் கனமானது. கிழவருக்கு வாழ்க்கைப்பட்ட சின்னப் பெண். பாபுவைத் தேடி வருகிறாள். அவன் ஒதுக்கியபின் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். எங்கள் பகுதி நூலகப் பிரதியில் யமுனா வரும் பக்கங்களில் பென்சில் கோடுகள் நெருக்கியடிக்கின்றன. தங்கம்மா வரும் பக்கங்களில் ஒரு கோடுகூட இல்லை. என் வயதுத் தோழி ஒருத்தி அந்த இடத்தில் புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டு, "அந்தப் பொண்ணுக்கு அப்ப என்ன வயசுடி இருக்கும்?" என்று கேட்டாள். பாபு வளர்ந்த கதை என்று பேசுகிறோமே, வளரவே விடாமல் முடிந்துபோன அவள் கதையும் அதற்குள் இருக்கிறது. அதைக் காண வயது வேண்டியிருக்கிறது.

'அம்மா வந்தாள்' (1966) நாவலும் அப்படித்தான். வேத பாடசாலையிலிருந்து வீடு திரும்பி, தாய்க்கு வேறொருவரோடு உறவு இருப்பதை அறியும் அப்புவின் அதிர்ச்சி இளையவர்களுக்கு. அந்தத் தாய் அலங்காரத்தம்மாளின் வயதை எட்டியவர்கள் அவள் பக்கம் போய் நின்று பார்ப்பார்கள்.

மூத்தவர்களிடமும் ஒரு குறை உண்டு. கதாநாயகனுக்குப் புத்தி சொல்லிக்கொண்டே படிப்பார்கள். அப்படிப் படித்தால் நாவல் கைக்கு வராது.

எனவே ஒரு வேண்டுகோள். ஒரே நாவலைக் கல்லூரி மாணவி ஒருத்தியும் அறுபதைத் தாண்டிய ஒருவரும் தனித்தனியே படித்து எழுதட்டும். இரண்டையும் எதிரெதிர்ப் பக்கங்களில் வெளியிடுங்கள். 'மோகமுள்'ளிலிருந்தே தொடங்கலாம்.

அன்புடன்,
ஒரு வாசகி,
கும்பகோணம்.