செயலாளரின் ஆண்டறிக்கை: நம் நிலக்காட்சிப் படங்களுக்கு ஓர் இணைய இடம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

இவ்வாண்டு மாதக் கூட்டங்களும் அவலாஞ்சிப் பயணமும் வழக்கம்போல் நடைபெற்றன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். உறுப்பினர்களின் நீலகிரிப் படங்களைச் சமூக ஊடகங்களோடு நிறுத்திவிடாமல் சங்கத்தின் சொந்த இணையதளத்தில் வைக்க வேண்டும் என்ற சென்ற பேரவைத் தீர்மானத்தை நிறைவேற்றுவதிலேயே செயற்குழுவின் பெரும்பகுதி உழைப்பு சென்றது.

6000க்கு 4000 பிக்சல் அளவுள்ள படம் இன்ஸ்டாகிராமின் வழக்கமான 1080 பிக்சல் அகலத்துக்குச் சுருங்கும்போது, ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு பிக்சல்களே எஞ்சுகின்றன. தொட்டபெட்டாவிலிருந்து எடுத்த மலையடுக்குகளில் கடைசி அடுக்கையும் வானத்தையும் பிரிக்கும் மெல்லிய நீலம்தான் முதலில் அடிபடுகிறது. செல்பேசித் திரையை நிறைப்பதற்காக அகலப் படங்களை நெடுக்கில் வெட்டும் பழக்கமும் நம்மிடையே பரவிவிட்டது. இலவச இடங்களின் நிலையும் உறுதியானதன்று: கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் பொதுப் பயனர்களுக்கு மூடப்பட்டது, பிளிக்கர் அதே ஆண்டில் இலவசக் கணக்குகளுக்கு 1000 படங்கள் என வரம்பிட்டது. வாடகை தராத திண்ணைக்கு ஒப்பந்தம் கேட்க முடியாது.

நம் தளத்தில் படங்கள் நீண்ட பக்கம் 2048 பிக்சலாக, பெரும்பாலான திரைகளுக்குப் பொருந்தும் எஸ்ஆர்ஜிபி வண்ணத்தில், இடம், மாதம், ஆண்டு, தமிழ்க் குறிப்பு ஆகியவற்றுடன் வைக்கப்பட்டுள்ளன. எடுத்தவர் பெயரும் உரிமைக் குறிப்பும் படக்கோப்புக்குள் விவரங்களைப் பதியும் ஐபிடிசி புலங்களிலேயே பதியப்பட்டுள்ளன. ‘மலைக்காட்சி’ என்று மட்டும் எழுதி வந்த படங்களைத் திருப்பி அனுப்பினோம். வருத்தமிருந்தால் உறுப்பினர்கள் என்னிடமே கேட்கலாம், ஆனால் விதி மாறாது.

நீலக்குறிஞ்சிச் சரிவுகள், சோலைக்காட்டு ஓடைகள் ஆகியவற்றின் படங்களிலிருந்து ஜிபிஎஸ் குறியீடுகளை நீக்கியுள்ளோம். 2018இல் பூத்த சரிவுகள் 2030இல் மீண்டும் பூக்கும்போது, நம் படமே அங்கு கூட்டத்தை அழைத்துச் செல்லக் கூடாது என்பது செயற்குழுவின் கருத்து.

விக்கிப்பீடியாவுக்குப் படங்கள் வழங்கும் கட்டற்ற களஞ்சியமான விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றுவதுதான் நீண்ட விவாதத்துக்கு உள்ளானது. அங்கு முழு அளவுப் படத்தையே வைக்கலாம், கலைக்களஞ்சியக் கட்டுரைகளும் அதைப் பயன்படுத்தும். ஆனால் பிறர் பயன்படுத்த அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் அங்கு ஏற்கப்படுவது வணிகப் பயன்பாட்டையும் அனுமதிப்பதோடு, ஒருமுறை அளித்தபின் திரும்பப் பெற இயலாதது. படங்களை விற்று வாழ்பவர்களின் தயக்கம் நியாயமானது என்பதால், முடிவு அவரவர் விருப்பத்துக்கு விடப்பட்டது.

விருப்பக்குறிகள் இல்லாத இடத்துக்கு யார் வருவார் என்று சிலர் கேட்டனர். மாதந்தோறும் மின்னஞ்சலில் அனுப்பும் படத்தொகுப்புக்கு வரும் மறுமொழிகள் குறைவே. எனினும் அவற்றை எழுதுபவர்கள் படத்தை நின்று பார்த்தவர்கள் என்பது ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது.

தளப்பெயர்ப் புதுப்பிப்பு ஒரே நபரின் கணக்கை நம்பியிருப்பதைத் தவிர்க்க, இரு பொறுப்பாளர்களை நியமிக்கவும், மூலப்படங்களின் இரண்டாம் பிரதியை வேறோர் இடத்தில் வைப்பதற்கான செலவை வரும் ஆண்டின் சந்தாவில் சேர்க்கவும் பேரவையின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்