எண்ணெய்க் குழாய் ஓடிய நிலத்தில் எங்கே துளையிட்டார்கள்?

ஆசிரியருக்கு,

கைவிடப்பட்ட எண்ணெய்க் குழாய்த் தடங்களில் மண்ணையும் நிலத்தடி நீரையும் சோதித்து, "மாசு கண்டறியப்படவில்லை" என்று அறிக்கை வரும்போது, அந்த ஒரு வரியோடு செய்தி முடிந்துவிடுகிறது. எங்கே, எந்த ஆழத்தில், எப்படி மாதிரி எடுத்தார்கள் என்பதையும் கேட்டு வெளியிட வேண்டுகிறோம். அது தெரியாவிட்டால் அந்த வரிக்கு மதிப்பே இல்லை.

தடம் நெடுகச் சம இடைவெளியில் துளையிடுவது வரைபடத்தில் அழகாகத் தெரியும். கசிவு அப்படிக் கணக்குப் பார்த்து நடப்பதில்லை. வால்வு, குழாய்களைப் போல்ட்டால் பூட்டும் ஃபிளாஞ்சு இணைப்பு, பம்பிங் நிலையம், ஆறு கடக்கும் இடம், முன்பு ஒட்டுப்போட்ட இடம் ஆகியவற்றில்தான் முதல் துளைகள் விழ வேண்டும். எனவே பழுதுப் பதிவேட்டைப் புரட்டாமல் துளைக் கருவியை இறக்குவது வீண். குழாய் புதைத்த பள்ளத்தை மணலால் நிரப்பியிருந்தால் இன்னொரு சிக்கல். சுற்றிலும் களிமண் இருக்க, எண்ணெய் அந்த மணல் வழியே ஓடி, ஓட்டைக்கு வெகுதூரம் தள்ளித் தேங்கும்.

நான்கைந்து இடத்து மண்ணைக் கலந்து ஒற்றைச் சோதனை மாதிரியாக எடுப்பது உலோகங்களுக்குச் சரிப்படலாம். எண்ணெயில் உள்ள நச்சுப்பொருளான பென்சீனுக்கு ஆகாது, கிளறும்போதே ஆவியாகிவிடும். துளையிலிருந்து எடுத்த மண்தண்டிலிருந்து 5 கிராம் அளவில் வெட்டி, அங்கேயே மெத்தனால் உள்ள புட்டியில் போட்டு மூட வேண்டும். நீரை 40 மி.லி. கண்ணாடிக் குப்பியில் குமிழ் ஒன்றுகூட நிற்காமல் நிரப்பி, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் பி.எச். (அமில-காரத்தன்மை) அளவை 2-க்குக் கீழே இறக்கி, 4 டிகிரிக் குளிரில் வைத்து, 14 நாட்களுக்குள் சோதித்தாக வேண்டும்.

அதிகம் தவறு நடப்பது, நிலத்தடி நீரைச் சோதிக்க இறக்கும் கண்காணிப்புக் கிணற்றில். எண்ணெய் நீரின் மேல் மிதப்பது. கிணற்றுக் குழாயில் ஸ்லாட் பைப் எனப்படும் துளையிட்ட பகுதி முழுவதும் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால், மிதக்கும் எண்ணெய் கிணற்றுக்குள் வரவே வராது. வெளியே எண்ணெய், உள்ளே தெளிந்த நீர்! ஆகவே கோடையின் தாழ்ந்த மட்டமும் மழைக்கால உயர்ந்த மட்டமும் அந்தத் துளைப்பகுதிக்குள் அடங்க வேண்டும். மட்டம் ஏறி இறங்கும்போது எண்ணெய் மண் இடுக்குகளில் பூசிக்கொண்டு தங்கிவிடும். கோடையில் கிணற்றில் தென்பட்ட எண்ணெய் மழைக்குப் பின் காணாமல் போவது அதனால்தான். சுத்தமாகிவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது.

நீரோட்டத் திசை அறிய, ஒரே கோட்டில் அமையாத 3 கிணறுகளாவது தேவை. கிணற்றில் எண்ணெய் நின்றால் மட்டத்தைத் திருத்த வேண்டும். எண்ணெயின் ஒப்படர்த்தி (நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 0.85, தடிமன் 40 செ.மீ. என்றால், அது நீரை 34 செ.மீ. கீழே அழுத்தியிருக்கும். அளந்த நீர்மட்டத்தோடு அதைக் கூட்டாவிட்டால் திசை மாறிப்போய், அடுத்த கிணறும் தப்பான பக்கம் விழும். வாளிபோல் தூக்கும் பெய்லரால் அலசாமல், நிமிடத்துக்கு 100 முதல் 500 மி.லி. வரை மெதுவாக இறைத்து, பி.எச். அளவும் மின்கடத்துதிறனும் நிலைத்த பிறகே குப்பியை நிரப்ப வேண்டும்.

ஆய்வகத் தாளில் முதலில் பார்க்க வேண்டியது கண்டறியும் வரம்பு, அதாவது ஆய்வகத்தால் காண முடிந்த மிகக் குறைந்த அளவு. குடிநீரில் பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். ஆய்வகத்தால் 50-க்குக் கீழே காண முடியாதென்றால், "கண்டறியப்படவில்லை" என்பது வெற்றுச் சொல். மொத்தப் பெட்ரோலிய அளவைக் கணிக்கும் முன் மாதிரியைச் சிலிக்கா ஜெல்லால் வடிகட்டினார்களா என்றும் கேட்க வேண்டும். நுண்ணுயிர்கள் எண்ணெயைப் பாதி சிதைத்து உண்டாக்கிய பொருள்களை அந்த ஜெல் பிடித்துக்கொள்ளும். அளவு குறைந்து தெரியும். இரண்டு விதமாகவும் செய்து இரண்டையும் போடட்டும்.

அமெரிக்காவின் மினசோட்டாவில், பெமிட்ஜி அருகே 1979-இல் குழாய் உடைந்து சுமார் 17 லட்சம் லிட்டர் கச்சா எண்ணெய் கொட்டியது. பெரும்பகுதியை அகற்றிய பின்னும் மிச்சம் பல பத்தாண்டுகளாக நிலத்தடியில் கிடக்கிறது. நுண்ணுயிர்கள் எண்ணெயைத் தின்றபோது ஆக்சிஜன் தீர்ந்து, மண்ணிலிருந்த இரும்போடு ஆர்செனிக்கும் நீரில் கரைந்ததை அங்கே கண்டார்கள். ஆகவே சோதனைப் பட்டியலில் ஆர்செனிக், இரும்பு, மாங்கனீசு இல்லையென்றால் அது அரைகுறை ஆய்வு.

பழைய குழாய்களின் மேற்பூச்சில் நிலக்கரித் தாரும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கக்கூடும். தோண்டுவோருக்கு அதைச் சொல்லாமல் வேலை தொடங்குவது குற்றம்.

அறிக்கையோடு ஒவ்வொரு துளையின் மண் அடுக்குக் குறிப்பும், ஸ்லாட் பைப்பின் ஆழமும், மழைக்கு முன்னும் பின்னும் அளந்த நீர்மட்டமும் பொதுமக்கள் பார்வைக்கு வரட்டும்.

இப்படிக்கு,
நிலத்தடி நீர் ஆய்வுப் பணியில் உள்ளோர்